அப்பாவின் ஹோல்டால்

"யாரைக் கேட்டு இதைக் கீழே இறக்கினே? இது விக்கிறதுக்கு இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

முதலாளி போட்ட சத்தத்தில் பழம்பொருள் கடையே அதிர்ந்தது. பாதி நரைத்த கடையாள் தலையைக் குனிந்துகொண்டு, அந்த அம்மாவிடம் விலை சொல்லிவிட்டேனே என்று முணுமுணுத்தார்.

"எங்கப்பா சொத்துக்கு விலை சொல்ல நீ யாருய்யா?"

கடைத்தெருவில் இது நாள்பட்ட வித்தை. கடையாள் தெரியாத்தனமாகச் சொல்வதுபோல் விலையைக் குறைத்துச் சொல்வார். முதலாளி பாய்வார். வந்தவர், இந்த விலைக்கு இனிக் கிடைக்காது என்று அவசரமாகப் பணத்தை எடுப்பார்.

மேசைமேல் கிடந்தது ஹோல்டால். காக்கிக் கித்தான், இரண்டு தோல்வார், ஓரத்தில் ஒரு நீல ஒட்டு.

வந்திருந்த பெண்ணும் கடுகடுவென்றுதான் இருந்தாள். மாமியார் கோபித்துக்கொண்டு பெட்டியோடு வீட்டைவிட்டு இறங்கிவிட்டார், ஹோல்டால் கிடைக்காமல் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாராம் என்று நுழைந்ததுமே கொட்டிவிட்டாள். பேரம் பேசும் இடத்தில் அவசரத்தைக் காட்டலாமா? முதலாளி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி படுக்கைங்கிறோமே, ஏன்னு தெரியுமாம்மா? அந்தக் காலத்துல ரயில்ல வெறும் பலகை, விடுதியில வெறும் கட்டில். துணிமணிக்குப் பெட்டி, தூக்கத்துக்கு இது. மெத்தை, தலையணை, செருப்பு, சவரச் சாமான் எல்லாத்தையும் வச்சுச் சுருட்டி, வாரை இழுத்துக் கட்டிடுவாங்க. இப்ப சக்கரம் வச்ச பையை உருட்டிட்டு வர்றவனும் பெட்டி படுக்கையோட வந்துட்டேங்கிறான். படுக்கை எங்கடா இருக்கு?"

"எல்லா ஹோல்டாலும் இப்படித்தானே இருக்கும். உங்கப்பாவோடதுன்னு என்ன அடையாளம்?"

முதலாளிக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது. நீல ஒட்டை விரலால் குத்திக் காட்டினார்.

"இதோ. எங்கம்மா அவங்க பழைய சேலையைக் கிழிச்சு, தன் கையால தைச்சது. போதுமா?"

"உங்கம்மாவேதானா?"

"பெத்தவளை எனக்குத் தெரியாதா?"

அவள் வெளியே போனாள். வாடகைக் காரில் மடியில் பெட்டியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"அத்தை, பரணைச் சுத்தம் பண்றேன்னு உங்க பிள்ளை பழைய சாமான்காரர்கிட்ட போட்டாரே, அது இதுதானே? நீங்க தைச்ச ஒட்டுதானே?"

மாமியார் ஒட்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

"கவலையே படாதீங்க. உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருக்காராம். அவரே சொல்றார்."

மாமியார் முதலாளியை உச்சியிலிருந்து பாதம்வரை அளந்தார். பெட்டியை மேசையில், ஹோல்டாலின் பக்கத்தில், பொத்தென்று வைத்தார். முதலாளியின் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.

"ஏண்டா, கடையை எப்ப மூடுவே? வீட்டுக்குப் போகலாம்."