இடக்கை

திஜோன் நகரத் தேவாலயச் சுவரில் தலை உயரத்தில் இருந்த கல் ஆந்தையை விட்டு அந்த மனிதர் நகர்வதாக இல்லை. ஒரு கை கோட்டுப் பைக்குள் இருக்க, மறு கையால் உள்ளங்கை சிவக்கச் சிவக்க அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வழிகாட்டி சொலேனுக்குப் பொறுமை போயிற்று. அவள் ஊர் சுற்றிக்காட்ட அழைத்து வந்த கூட்டம் பின்னால் வரிசையில் நின்றது. அடுத்து ஒயின் ருசி பார்க்க நிலவறைக்குப் போயாக வேண்டும்.

"ஐயா, போதும். மத்தவங்களும் வேண்டிக்கணுமில்ல?"

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. எல்லாரும் கைவிட்டுட்டாங்க. இதை விட்டா எனக்கு வேற கதி இல்ல."

"லாட்டரிச் சீட்டு வாங்கியிருக்காரு போல!" என்று வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து பண்ற நேரம் வந்துடுச்சு. இப்பவும் நடக்கலேன்னா தோட்டத்துல வேற ஆளை வச்சுடுவாங்கம்மா" என்றார்.

அப்போதுதான் சொலேன் கவனித்தாள். அவர் தேய்த்துக்கொண்டிருந்தது வலக்கையால்.

"நீங்க திஜோன்காரர்தானே? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! ஆந்தையை இடக்கையால தொட்டாத்தான் பலிக்கும். இப்படி நாள் பூரா தேச்சாலும் ஒண்ணும் நடக்காது!"

"தெரியாம என்னம்மா?"

அவர் பைக்குள் இருந்த இடக்கையை வலக்கையால் பிடித்து வெளியே எடுத்தார். மார்புவரை தூக்குவதற்குள் அது நழுவித் தொப்பென்று விழுந்தது.

"இது எழும்பணும்னுதானே வேண்டிக்கிட்டிருக்கேன்."