ஏழு கிலோ போதும்

ஜெனரல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த கலியமூர்த்தி, பரணை அண்ணாந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நீல நிறப் புதுப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய, ஒரு சக்கரம் ஓடாத பழைய பெட்டியைக் காணோம்.

"தேவயானி, பழைய பெட்டி எங்க?"

"பக்கத்து வூட்டு அகிலாவுக்குக் குடுத்தேன்" என்றாள் மனைவி, அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே. "பூனாவுல பொண்ணு வூட்டுக் கிரகப்பிரவேசமாம். காலையில ஏர்போர்ட் போறாங்க."

அந்தப் பெட்டியின் உள்துணிக்குள் பன்னிரண்டு சவரன் மாங்காய் மாலை ஒன்று இருந்தது. அது தேவயானியுடையது அல்ல. அகிலாவுடையது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அகிலாவும் அவள் கணவர் பாலகுமாரும் சேத்தியாத்தோப்பில் ஒரு துக்கத்துக்குப் போனார்கள். வழக்கம்போல் குவார்ட்டர்ஸ் சாவியைக் கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கு அவர் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி வைத்தவரும் அவர்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போய், "எல்லாம் வெளியூர்க்காரன் வேலை சார்" என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். பரபரப்பு அடங்கட்டும், பிறகு விற்றுக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் மாலையை வைத்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஊசி பிடித்துத் தைத்தும் வைத்திருந்தார்.

ஏர்போர்ட்டில் பெட்டியை மெஷினுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். துணிக்குள் என்ன என்று கேட்பார்கள். பெட்டி யாருடையது என்று அகிலா சொல்வாள். அப்புறம் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும், கடலூர் ஜெயிலில் களிதான்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அவர்களாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கலியமூர்த்தி முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்.

யூனியன் மாநாட்டுக்காக ஒரே ஒரு தடவை டெல்லிக்கு விமானத்தில் போய் வந்தவர் அவர். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு பிளாக் முழுவதற்கும் யோசனை சொல்லிவந்தார். அதனால் அவரைப் பார்த்ததும் பாலகுமாருக்குச் சந்தோஷம்.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. உள்ள போடுற பெட்டிக்குப் பதினஞ்சு கிலோவாம், கையில ஏழு கிலோவாம். எதை எதுல வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருக்கோம்."

கூடத்தின் நடுவே பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அகிலா ஈரத்துணியால் அதன் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை போகும் பக்கமெல்லாம் கலியமூர்த்தியின் கண்ணும் போனது.

"நாலு நாள் பயணத்துக்கு எதுக்குப்பா பெட்டி? ஏர்போர்ட்டுக்காரங்க கையில குடுத்தா மூட்டை மாதிரி தூக்கி எறிவாங்க. எறங்கின பின்னாடி அது வர்ற வரைக்கும் தேவுடு காத்துக்கினு நிக்கணும். இதுல ஒரு சக்கரம் வேற ஓடாது. ஏழு கிலோ போதும். தோள்ல ஒரு பை, கையை வீசிக்கினு போலாம்."

"முறுக்கு, முந்திரியெல்லாம் வெச்சிருக்கேனே" என்றாள் அகிலா.

"குடு, நான் கூரியர்ல அனுப்பறேன். என் செலவு."

டீக்கடையில் பக்கத்தில் ஆள் இருந்தால் காசு எடுக்கப் பாக்கெட்டையே தேடாத மனிதர் இப்படிச் சொன்னதும் பாலகுமார் மனைவியைப் பார்த்தார்.

"முக்கியமா ஒண்ணு" என்று கலியமூர்த்தி தொடர்ந்தார். "விலை உசந்த சாமான் எதையும் பெட்டியில போடாத தங்கச்சி. கையோட வெச்சிக்க. கழுத்துல போட்டுக்கினா எடையிலயே சேராது."

"எங்கிட்ட என்னண்ணே இருக்குது? இருந்த ஒண்ணும் போயிடுச்சி. சம்பந்திம்மா முன்னாடி வெறுங்கழுத்தோட நிக்கணுமேன்னு நெனச்சாத்தான் அழுகையா வருது."

சொல்லிக்கொண்டே துடைத்தவளின் கை பெட்டியின் மூலையில் சற்று நின்றது. கலியமூர்த்திக்கு மூச்சும் நின்றது. அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். துணியெல்லாம் மாத்திக்கினு, பெட்டியைக் காலையில தந்துடறோம்."

அன்று இரவு அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

காலையில் டாக்ஸி வந்து நின்றபோது பாலகுமார் சொன்னபடியே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கலியமூர்த்தி அவசரமாகத் திறந்து உள்துணியை அழுத்திப் பார்த்தார். கட்டிகட்டியாகத் தட்டுப்பட்டது. குலதெய்வத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வழியனுப்ப வாசலுக்கு வந்தார்.

தோளில் பையோடு அகிலா வெளியே வந்தாள். கழுத்தில் மாங்காய் மாலை இருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரிண்ணே. எடையில சேராது" என்றாள் டாக்ஸியில் ஏறிக்கொண்டே. "வாங்கின சாமானை வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அதான் கொஞ்சம் பலாக்கொட்டை போட்டுத் தச்சிருக்கேன். மத்ததை வந்து பேசிக்கலாம்."

டாக்ஸி குவார்ட்டர்ஸ் முகப்பில் இருக்கும் ஆர்ச் கேட் பக்கம் திரும்பியது. வீட்டுச் சாவியை இந்தத் தடவை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை.

பின்னாலிருந்து வந்த தேவயானி, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு பட்டன் தைக்கத் தெரியாத மனுசன் பெட்டிக்குத் தையல் போட்டிருந்தா, பிரிச்சிப் பார்க்காம இருப்பேனா? பார்த்துட்டு, மறுபடியும் தச்சி, நான்தான் உடையவ வூட்டுக்கே அனுப்பி வெச்சேன்."