பதினொரு கார்களின் வீடு

"பதினொண்ணையும் மடிச்சு அலமாரியில வெச்சிருக்கியாம்மா?"

குனிந்து உள்ளே வந்த வாகன வரி ஆய்வாளர், நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

தையல்காரம்மா மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "எது சார்?"

"கார். இந்த முகவரியில பதினொரு கார் பதிவாகியிருக்கு. எல்லாம் வெளிநாட்டு வண்டி. ஒண்ணை வித்தா இந்தத் தெருவையே வாங்கலாம். இங்க ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடத்தைக் காணோம்."

ஒரே அறை. ஒரு மிஷின், ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஓர் இஸ்திரிப் பெட்டி, கொடியில் தொங்கும் ஆறேழு சட்டைகள். அவ்வளவுதான்.

ஆய்வாளர் பக்கத்து மாநிலத்திலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். கார்கள் ஓடுவதெல்லாம் அங்கே. சாலை வரி இங்கே குறைவு என்பதால், இங்கே குடியிருப்பதாகக் காட்டிப் பதிவு செய்திருந்தார்கள்.

"யாரு உன்னை இதுல இழுத்துவிட்டது?"

"ஒரு தரகர் சார். வாடகைப் பத்திரத்துல கையெழுத்து மட்டும் போடும்மான்னார். ஒரு வண்டிக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு இவ்வளவுன்னு காசு. கையில தையல் வேலையே இல்லாத நேரம். போட்டுட்டேன்."

"கையெழுத்து மட்டும்தானா?"

"வர்ற தபாலைப் பிரிக்காம கிழிச்சுப் போட்டுடணும்னார்."

"நல்லா இருக்கு. கோடீஸ்வரனுங்க வரி கட்டாம தப்பிக்க நீ வாசலைத் திறந்துவிட்டிருக்க. நாளைக்குக் கேஸுன்னு வந்தா அவங்க வக்கீலை வெச்சு வெளிய வந்துடுவாங்க. மாட்டப்போறது யாரு?"

"நான்தான் சார்."

இவ்வளவு சாதாரணமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அழுவார்கள், காலில் விழுவார்கள், தெரியாமல் செய்துவிட்டேன் என்பார்கள். அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

கட்டில் ஓரமாக உட்கார்ந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"பேர் போடாம எங்க ஆபீசுக்கு ஒரு மனு வந்துது. அதோட நகல் இது. பதினொரு நம்பரையும் வரிசையா எழுதி, இவங்க யாரும் இந்த முகவரியில இல்லை, உங்க ஊர்லதான் இருக்காங்க, தேடிப் பிடிங்கன்னு போட்டிருக்கு. உன் மேல யாருக்கோ சரியான வயித்தெரிச்சல்."

"எப்ப சார் வந்துது?"

"ஒரு மாசம் இருக்கும்."

"பிடிச்சிட்டீங்களா?"

"பதினொரு பேரையும். வீடு, போன் நம்பர் எல்லாம் கையில இருக்கு. உன் வாக்குமூலம் ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப வண்டியை ஓட்டாம நிறுத்திட்டாங்கதானே?"

"எதுக்கு நிறுத்தணும்? அவங்களுக்கு இன்னும் விஷயமே தெரியாது. முன்கூட்டியே சொன்னா உஷாராயிடுவாங்கல்ல?"

அவள் முகம் மாறியது.

"பின்பக்கம் படிக்கலையா சார்?"

"எதோட பின்பக்கம்?"

"அந்த மனுவோட."

அவர் தாளைத் திருப்பினார். வெறும் வெள்ளை. அலுவலகத்தில் நகல் எடுத்தவர் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டிருந்தார். வரி ஏய்ப்பைப் பிடிக்க அது போதும். அசலை வாங்கிப் பார்க்க ஆய்வாளருக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "இதை எழுதினது..."

"நான்தான் சார்."

அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து நீட்டினாள்.

"கிழிக்கத்தான் எடுத்தேன். மேல சிவப்புல அவசரம்னு போட்டிருந்துச்சா, மனசு கேக்கல. பிரிச்சுட்டேன். கார் கம்பெனிக்காரங்க அனுப்பினது. பதினொண்ணுல மூணு வண்டிக்கு பிரேக்ல கோளாறாம். திடீர்னு பிடிக்காமப் போயிடுமாம். மாத்திக் குடுக்கிற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு இருக்கு. கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அவங்ககிட்ட இருக்கிறதும் இந்த முகவரிதான். தரகர் போனையே எடுக்கல. அதான், இதைப் பின்பக்கத்துல எழுதி உங்களுக்காவது அனுப்பினா ஆளைக் கண்டுபிடிச்சுச் சொல்லுவீங்கன்னு..."

அவர் கடிதங்களைப் படித்தார். ஒரு தடவை போதாமல் மறுபடியும் படித்தார்.

"எழுதினா முதல்ல நீங்கதான் மாட்டுவீங்கன்னு தெரியாதாம்மா?"

"தெரியும் சார். அதான் பேர் போடல. முகவரி இல்லாம எழுதத்தான் வழி தெரியல." கடிதங்களைப் பார்த்தபடி சொன்னாள். "வரி கட்டாதவங்க வண்டின்னாலும், பின் சீட்டுல பிள்ளைங்க உக்காந்திருக்கும் இல்ல?"

அவர் செல்போனை எடுத்தார். பையிலிருந்து பட்டியலை உருவி, அந்த மூன்று வண்டிகளில் முதலாவதன் எண்ணை அழுத்தினார்.

முதல் கார் ஷெட்டில் நின்றது. இரண்டாவது காரின் முதலாளி, "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க" என்று கால் மணி நேரம் வாதாடிவிட்டு ஓரமாக நிறுத்தினார். மூன்றாவது எண் அடித்து அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. ஸ்கூல் விடுற நேரம், பிள்ளைங்களைக் கூப்பிடக் கிளம்பிட்டிருக்கேன்."

"டாக்ஸி பிடிச்சுப் போங்கம்மா. உங்க வண்டியை எடுக்காதீங்க."

"என்ன, மிரட்டறீங்களா?"

"இல்லம்மா. சாவியைக் கீழ வையுங்க. வெச்சுட்டீங்களா? இப்பச் சொல்றேன், கேளுங்க."

அவர் கையில் இருந்த செல்போன் சார்ஜ் தீரப்போவதற்கு அடையாளமாக ஒரு தடவை முனகியது. பேசிக்கொண்டே ஒரு கையால் பையைத் துழாவிச் சார்ஜரை வெளியே எடுத்தவர், சுவரெல்லாம் தேடினார்.

அந்த அறைக்கு ஒரே ஒரு பிளக்தான். தையல்காரம்மா அதில் சூடேறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அவர் கையிலிருந்து சார்ஜரை வாங்கிச் செருகினாள்.