ஒரேயொரு நேயர்

இல்ஃபோர்டில் புதிதாகத் தொடங்கிய உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சியில், மங்கையின் நேரலை நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் தவறாமல் தொலைபேசியில் வருபவர் குலவீரசிங்கம் ஒருவர்தான்.

“நல்லாப் போகுது பிள்ளை, நிப்பாட்டிப் போடாதேங்கோ,” என்பார். பிறகு மழை, முழங்கால் வலி என்று பேச்சு நீளும்.

“ஆக்கள் பார்க்கினம் எண்டு காட்டினால்தான் விளம்பரம் வரும். இல்லாட்டி இந்த மாதத்தோடை உங்கடை நிகழ்ச்சி முடிஞ்சுது,” என்றார் நிலைய முகாமையாளர் தர்மேந்திரன்.

குலவீரசிங்கம் நிகழ்ச்சி பார்ப்பதைப் படம்பிடித்துக் காட்டலாம் என்று மங்கை கமெராவோடு அவருடைய பிளாட்டுக்குப் போனாள். கோட் சூட்டில் வந்து கதவைத் திறந்தார். மேசையில் சுடச்சுட வடை இருந்தது.

“வாங்கோ பிள்ளை. இந்த வீட்டுக்கு ஆள் வந்து கனகாலம்.”

“ஐயா, நீங்கள் டிவி பார்க்கிற மாதிரி ஒரு ஷாட் எடுக்கவேணும். டிவி அறைக்குள்ளையோ?”

அவர் தலை குனிந்தார்.

“என்னட்டை டிவி இல்லைப் பிள்ளை. உங்கடை நம்பரை பஸ் ஸ்டாப் விளம்பரத்திலை கண்டனான். கோல் எடுத்தால் ‘எப்பிடி இருக்கிறியள் ஐயா’ எண்டு கேப்பியள். அதுக்குத்தான் எடுக்கிறனான்.”

“ஆக்கள் பார்க்கினம் எண்டு காட்டாட்டி, இந்த மாதத்தோடை நிகழ்ச்சி முடிஞ்சுது ஐயா,” என்றபடி மங்கை கமெராவை மெல்லப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப, இனி அந்த நம்பர் வேலை செய்யாதோ?” என்று அவர் பயத்தோடு கேட்டார்.

அவள் தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

“இதுக்கு எடுங்கோ ஐயா. இதுக்கும் ஒருத்தரும் எடுக்கிறதில்லை.”