தட்டாத பை

வீட்டு ஏசிக் குழாய்களில் படிந்த தூசியை நீண்ட ஹோஸ் வழியாக உறிஞ்சி இழுக்கும் அந்த லாரிக்குப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு வீடு முடிந்ததும் பின்பக்கக் கொக்கியைத் தளர்த்தி, தூசிப் பையைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டினால் போதும். தணிகாசலம் அன்றும் தட்டத்தான் போனார். பையின் வாய்த் தையலில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. ஒரு பால் பல். துடைத்து எடுத்துக்கொண்டு, அப்போதுதான் வேலை முடித்த நான்காவது மாடி வீட்டுக்கு ஏறினார். கதவைத் திறந்த குமுதா அதை உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “விழுந்த பல்லக் கூரை மேல போடணும்னு எம்பொண்ணுகிட்ட சொன்னேன். ஃப்ளாட்டுல கூரைக்கு எங்க போறது? அவங்கப்பா தோள்ல ஏறி அந்த ஏசி ஓட்டைக்குள்ள போட்டுட்டா.” தணிகாசலம் சிரித்தார். “பாப்பாவுக்குப் புதுப் பல்லு முளைச்சிருக்குமே?” “முளைக்கல. அதுக்குள்ள போய்ட்டா.” அவர் படியிறங்கினார். பின்னாலிருந்து அவள் கேட்டாள். “அண்ணே, அவ ரூம்ல எடுத்த தூசிய எங்க கொட்டுவீங்க?” எப்போதும் சாக்கடையோரம்தான் கொட்டுவார். கீழே வந்து, பையைத் தட்டாமலேயே மாட்டிக் கொக்கியை இறுக்கினார். அடுத்த வீட்டு வாசலில் லாரி நின்றது, மோட்டாரைப் போடவில்லை. “என்னங்க, ஆரம்பிக்கலையா?” என்றார் வீட்டுக்காரர். “பை நிறைஞ்சிருக்கு சார்.” “அதத் தட்டிட்டு ஆரம்பிங்க, ஒரு நிமிஷ வேலைதானே?” தணிகாசலம் கொக்கியின் மேல் கையை வைத்தபடியே நின்றிருந்தார்.