சாருடைய சர்க்கரை

“டாக்டருக்கே இன்னும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றபடி கைபேசியைக் கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள் மனைவி.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது எல்லாம் ஆன்லைன். காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் மாலையில் முடிவு கைபேசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கணவரின் கணக்கை இவள்தான் தன் எண்ணில் திறந்து வைத்திருந்தாள். கம்பெனியின் பொது மேலாளராக ஊரையே ஆட்டிப் படைக்கிறவருக்கு ஒரு கடவுச்சொல் நினைவில் நிற்காது.

சர்க்கரை, சிவப்பு. கொழுப்பு, சிவப்பு. அதற்குக் கீழே வாயில் நுழையாத பெயரோடு ஏதோ ஒன்று, அதுவும் சிவப்பு.

பொது மேலாளர் உற்றுப் பார்த்தார். முதலில் திகைத்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

“இவ்வளவா? படுபாவி,” என்று பல்லைக் கடித்தார்.

“யாரைத் திட்டுறீங்க?”

“என் உடம்பைத்தான். வேற யாரைத் திட்டப் போறேன்?”

“திட்டினா குறையாது. அடுத்த டெஸ்ட்லயும் இது சிவப்பாவே இருந்தா, நீங்க வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காரணும். சேர்மனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுவேன். எனக்கு நாற்காலி முக்கியமில்ல, ஆள் முக்கியம்.”

பொது மேலாளருக்கு நாற்காலிதான் முக்கியம். அந்தச் சுழல் நாற்காலியைப் பிடிக்க, சிரிப்பே வராத எத்தனையோ நகைச்சுவைகளுக்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்.

மறுநாள் டாக்டரும் பார்த்துவிட்டு ஒரு வரி தட்டிவிட்டார்: உணவுக் கட்டுப்பாடு, நடை, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.

அன்றிலிருந்து வீட்டில் வேகவைத்த பீன்ஸ், வேகவைத்த கோஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டும் சேர்த்து. பொது மேலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். ஆனால் அவருடைய உண்மையான வேகமெல்லாம் டிரைவரிடம்தான் தெரிந்தது.

வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினார். “எத்தனை ஸ்பூன் சர்க்கரை?”

“மூணு சார்.”

“மூணா? உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதாய்யா?” டீ பூந்தொட்டிக்குப் போனது.

“அவர் டீ உங்களை என்னங்க பண்ணுச்சு?” என்றாள் மனைவி.

“தலைவன் கஷ்டப்படுறப்போ கூட இருக்கிறவனும் கஷ்டப்படணும். இதுக்குப் பேருதான் டீம் ஒர்க். உனக்குப் புரியாது.”

அடுத்த வாரம் அவள் பால்கனியிலிருந்து பார்த்தபோது, தெருவில் டிரைவர் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே கார் ஊர்ந்து வந்தது. ஓட்டியவர் பொது மேலாளர். கண்ணாடியை இறக்கிவிட்டு, “கையை நல்லா வீசுப்பா. மூச்சை இழுத்து விடு,” என்று கத்திக்கொண்டே வந்தார்.

“டாக்டர் நடக்கச் சொன்னது உங்களை,” என்றாள் அவர் வீட்டுக்குள் வந்ததும்.

“எந்த வேகத்துல நடக்கணும்னு அவனை வச்சுத்தான் பழகிக்கிறேன். நாளைக்கு நானே இறங்கிடுவேன்.”

அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

டிரைவருடைய மனைவிக்கும் அவர் போன் செய்வதை அவள் கேட்டாள். “ராத்திரிக்குச் சோறு கம்மியா போடும்மா. பொரிச்சது எதையும் அவன் கண்ணுல காட்டாதே. உன்னை நம்பித்தான் இருக்கேன்.”

அவளுக்கு மனம் இளகிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டாள். “மனுஷன் அடியோட மாறிட்டாருக்கா. முன்னெல்லாம் டிரைவர் தும்மினாக்கூட முறைப்பாரு. இப்ப அவரு என்ன சாப்பிட்டாருன்னு வேளாவேளைக்கு விசாரிக்கிறாரு. வியாதி வந்ததுல ஒரு நல்லது நடந்திருக்கு.”

“எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாரேன்டி,” என்றாள் அக்கா.

இரண்டு மாதத்தில் டிரைவர் துடைப்பக்குச்சியாகி வந்து நின்றார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் வேற எடத்துல வேலை பாத்துக்கிறேன். இவரு பின்னாடியே வந்து நின்னு என் சாப்பாட்டுத் தூக்கை மோந்து பாக்குறாரும்மா.”

உள்ளேயிருந்து பொது மேலாளர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். “இந்த நேரத்துல என்னை விட்டுட்டுப் போயிடாதப்பா. சம்பளம் கூட்டித் தர்றேன்.” மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுபரிசோதனை நாளும் வந்தது. அவளும் கிளம்பி நின்றாள்.

“நீ எதுக்கு? வெயில்ல கஷ்டப்படாதே.”

“விடிஞ்சும் விடியாம என்னங்க வெயிலு?”

“கூட்டமா இருக்கும்.”

“இருக்கட்டும். மூணு மாசம் பீன்ஸ் வேகவச்சவ நான். என்ன ஆகுதுன்னு நானே கூட இருந்து பாக்கணும்.”

லேப் வாசலில் இறங்கியதும், அவள் கணவரின் கையைப் பிடித்துப் படியேறினாள். டிரைவர் எதற்குப் பின்னாலேயே வருகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பாசம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். கையில் ஊசி. முகம் மலர்ந்தது.

“வாங்க ஜி.எம். சார், ஆளே பாதியாயிட்டீங்களே. ரிசல்ட் இந்தத் தடவை சூப்பரா வரும் பாருங்க,” என்று டிரைவரின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். பிறகு பொது மேலாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க டிரைவரை மட்டும் வெளியவே உக்காரச் சொல்லுங்க சார். போன தடவை உங்களுக்கு ஊசி குத்தினதப் பாத்ததுக்கே மயங்கி விழுந்துட்டாரு, தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்துச்சு.”