நீலமானால் நாற்காலி

எங்கள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்கள் உட்கார வேண்டுமென்றால் கால் வலிக்கிறது என்று சொன்னால் போதாது, பரிசோதனையில் தெரிய வேண்டும். ஒரு நர்ஸ் வந்து குதிகாலில் துளித் தோலெடுத்து அதில் ஆன்டிபாடி மருந்தைச் சொட்டுவாள். நரம்பில் வலியை வாங்கும் புரதம் மிகுந்திருந்தால் மருந்து அதில் ஒட்டி நீலமாகும்.

எனக்கு நீலமானது. நாற்காலியும் வந்தது. ஆனால் பரிசோதனை வைத்த முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியே அதை நம்பவில்லை.

“நடிக்காளுவ! முப்பது வருசமா வாசல்ல நின்னுதான் வாரவுகளக் கும்பிடுதேன், எனக்கு ஒரு வலியும் கிடையாது. என் கால்ல போடு தாயி. நீலமாகலேன்னா இந்த நாற்காலியத் தூக்கிருவேன்.”

நர்ஸ் அவர் குதிகாலிலும் தோலெடுத்து மருந்தைச் சொட்டினாள். மை கொட்டியதுபோல் கருநீலமாகிவிட்டது.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு எங்களவிட ஜாஸ்தியால்லா இருக்கு!” என்று என்னோடு வேலை செய்யும் பேச்சித்தாய் சிரித்தாள்.

அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். “ராத்திரி தூக்கம் வராதது இதுக்குத்தானா?” என்று மெல்லக் கேட்டார். நான் என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

“அது ஒன்னோடதுல்லா, சொர்ணம். நீ உக்காரு,” என்றவர், குடோன் பக்கம் திரும்பிக் கத்தினார்: “ஏலே, எல்லாருக்கும் நாற்காலி கொண்டாங்க! இனி யாருக்கும் டெஸ்ட் கிடையாது.”

அன்று வந்த கல்யாண வீட்டாருக்கு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தபடியே பட்டுப் புடவை விரித்துக் காட்டினோம்.